கிராஃபீன் மாதிரி மெல்லிசு ஷீட்டை பிளாஸ்டிக்கோட சேக்குறது: அடிக்கடி வர்ற கேள்விகள்

எம்எஸ்சி, எம்டெக் பண்றவங்க, அப்புறம் சொந்தமா மோல்டிங் யூனிட், பெயிண்ட் யூனிட் வச்சிருக்கவங்கன்னு ரெண்டு பக்கமும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது. அதான் ஒரே இடத்துல போட்டுடலாம்னு எழுதுறேன். சில கேள்விக்கு பதில் நீளமா இருக்கும், சிலதுக்கு ரெண்டு வரிதான்.

கே: அணு தடிமன் மெட்டீரியல்னு சொல்றீங்களே, அது என்ன?

பென்சில்ல இருக்குற கிராஃபைட்டை எடுத்துக்கோங்க. அது ஒரே கட்டி கிடையாது, கார்பன் அணுக்களால ஆன ஷீட் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கு, ஒரு ஷீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 0.335 நானோமீட்டர் தூரம். ஷீட்டுக்குள்ள இருக்குற பாண்ட் செம ஸ்ட்ராங், ஆனா ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல வெறும் வாண்டர் வால்ஸ் இழுப்புதான், அதனாலதான் பென்சில் பேப்பர்ல எழுதுது. அந்த ஒத்த ஷீட்டை தனியா பிரிச்சா அதுதான் கிராஃபீன். 2004ல மான்செஸ்டர்ல ஆண்ட்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுற டேப்பை வச்சே உரிச்சு எடுத்து காட்டுனாங்க, 2010ல நோபல்.

கிராஃபீன் மட்டும்னு நினைக்காதீங்க. போரான் நைட்ரைடு இருக்கு, பாக்க அதே தேன்கூடு அமைப்புதான் ஆனா கரண்டே கடத்தாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு இருக்கு, கட்டியா இருந்தா ஒளியை கிட்டத்தட்ட உமிழவே உமிழாது, ஒத்த அடுக்கா ஆனதும் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) டைரக்ட் ஆயிடும், அதாவது எலக்ட்ரான் நேரா இறங்கி ஒளியை விடும், நல்லா ஒளிரும். அப்புறம் 2011ல அமெரிக்காவுல ட்ரெக்செல் யூனிவர்சிட்டில கண்டுபிடிச்ச மாக்ஸீன் குடும்பம், அதை பத்தி கீழ தனியா சொல்றேன்.

கே: இவ்வளவு நல்ல மெட்டீரியல்னா அதையே யூஸ் பண்ண வேண்டியதுதானே, நடுவுல பாலிமர், அதாவது பிளாஸ்டிக், எதுக்கு?

கையில பிடிக்க முடியாதுங்க, அதான் விஷயம். ஒரு அணு தடிமன் ஷீட்டை காத்துல நிக்க வச்சு மைக்ரான் சைஸ்ல ஒரு ஓட்டையை மூடலாம், அதுக்கு மேல போனா கிழியும், சுருளும். பவுடரா பண்ணா ஒண்ணோட ஒண்ணு திரும்ப ஒட்டிக்கும், மறுபடி கிராஃபைட்தான். கணக்குப்படி ஒரு கிராம் கிராஃபீனோட ரெண்டு பக்கமும் சேத்து பரப்பு 2,630 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 20 கபடி கோர்ட். அவ்வளவு பரப்பும் பக்கத்துல இருக்குறதை இழுத்து ஒட்டிக்கத்தான் பாக்கும்.

பாலிமர் பக்கம் இருந்து பாத்தா, அது சல்லிசா கிடைக்குது, உருக்கி எந்த ஷேப்புக்கும் கொண்டு வரலாம், வளையும், எடை கம்மி. ஆனா கரண்ட் கடத்தாது, சூட்டையும் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 0.2 வாட் அளவுதான் கடத்தும், காத்தும் ஈரமும் மெதுவா ஊடுருவும். ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல இருக்கு. ரெண்டையும் சேத்தா வர்றதுதான் ஹைப்ரிட், அதுல ஒரு பகுதியோட அளவு நானோமீட்டர்ல இருக்குறதால நானோகாம்போசிட்னும் சொல்றோம்.

கே: இது கிராஃபீன் வந்தப்புறம் வந்த ஐடியாதானே?

இல்லவே இல்ல, இதை நிறைய பேர் மறந்துடறாங்க. 1980கள் கடைசில ஜப்பான்ல டொயோட்டாவோட மத்திய ஆராய்ச்சி லேப்ல நைலான்-6க்குள்ள களிமண் ஷீட்டை பிரிச்சு கலந்தாங்க. மான்ட்மோரில்லனைட்டுங்கற களிமண், அதோட ஒவ்வொரு அடுக்கும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். அவங்க பண்ண வேலைதான் அழகு. அடுக்குகளுக்கு நடுவுல இருக்குற சோடியம் அயனியை எடுத்துட்டு நைலானுக்கு ஒத்துப்போற ஒரு அமினோ அமிலத்தை வச்சாங்க, அப்புறம் நைலானோட மூலப்பொருளான காப்ரோலாக்டம் அந்த இடைவெளிக்குள்ள புகுந்துச்சு, உள்ளயே பாலிமரா வளர விட்டாங்க, வளர்ற செயினே அடுக்குகளை தள்ளி பிரிச்சு விட்டுடுச்சு. எடைல 5 சதவீதம்கூட களிமண் இல்ல, ஆனா விறைப்பு கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆச்சு, 65 டிகிரில இளகிக்கிட்டிருந்த நைலான் 140 டிகிரிக்கு மேல தாங்குச்சு. டைமிங் பெல்ட் கவரா கார்ல போயே போயிடுச்சு.

இன்னிக்கு கிராஃபீன் பேப்பர்ல "புதுமை"ன்னு போட்டு வர்ற பல விஷயத்தோட அச்சு இங்க இருக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்த களிமண் பேப்பர்களை படிச்சுட்டு கிராஃபீனுக்கு வரலாம்ங்கறது என் அபிப்பிராயம்.

கே: ஷீட்டை எப்படி பிரிக்கிறாங்க? டேப் வச்சா டன் கணக்குல எடுக்க முடியாதே?

டேப் ஃபிசிக்ஸ் சாம்பிளுக்கு மட்டும்தான். பாலிமர்ல கலக்க ரெண்டு ரூட் அதிகம் ஓடுது.

முதல் ரூட் கிராஃபீன் ஆக்சைடு. 1859லயே பிராடிங்கறவர் கிராஃபைட்டை ஆக்ஸிடைஸ் பண்ணிட்டார், ஆனா எல்லாரும் யூஸ் பண்றது 1958ல வந்த ஹம்மர்ஸ் மெத்தட், இல்ல அதுல இருந்து திருத்தி எடுத்தது. அடர் கந்தக அமிலத்துல கிராஃபைட்டை போட்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை கொஞ்சம் கொஞ்சமா சேக்கணும். இங்க விளையாடாதீங்க, பெர்மாங்கனேட்டும் அடர் அமிலமும் சேந்தா மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு வரும், அது சூடானா வெடிக்கும், அதனாலதான் ஐஸ் பாத்ல வச்சு 20 டிகிரிக்கு கீழயே வச்சுக்கிட்டு ஸ்பேட்டுலா நுனில எடுத்து எடுத்து போடறது. கருப்பா இருந்தது பச்சை கலந்த கருப்பாகி கெட்டியாகும், கடைசில தண்ணியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டதும் சட்டுனு பளிச்சுன்னு மஞ்சளா மாறும், அந்த கலர் வந்தா ஆக்ஸிடேஷன் நல்லா நடந்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் கழுவுறது. பிஹெச் ஏற ஏற அது ஜெல்லா உப்பிக்கிட்டே போகும், சென்ட்ரிஃப்யூஜ்ல (வேகமா சுத்தி பிரிக்கிற மெஷின்) அடங்காது, இந்த ஸ்டேஜ்லதான் பசங்க பொறுமை போகும். கிடைக்கிற ஷீட்ல ஆக்ஸிஜன் குரூப் நிறைய இருக்கும், தண்ணில சூப்பரா கலையும், பாலிமரோட ஒட்டும், ஆனா கரண்ட் கடத்தாது. கடத்தணும்னா ஹைட்ரஸீன், விட்டமின் சி, இல்ல சூடு ஏதாவது ஒண்ணு வச்சு அந்த ஆக்ஸிஜனை எடுக்கணும், எடுத்தாலும் ஷீட்ல விழுந்த ஓட்டை உடைசல் எல்லாம் அப்படியேதான் இருக்கும், முழு கிராஃபீனா திரும்பாது.

ரெண்டாவது ரூட், ஆக்ஸிடைஸ் பண்ணாம திரவத்துல வச்சே உரிக்கிறது. 2008ல டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல ஜோனதன் கோல்மன் குரூப் என்எம்பிங்கற சால்வென்ட்ல கிராஃபைட்டை சோனிகேட் பண்ணி, அதாவது அல்ட்ராசவுண்டால அதிர வச்சு, காட்டுனாங்க, ஏன் அந்த சால்வென்ட்னா அதோட பரப்பு ஆற்றல் கிராஃபீனோடதுக்கு ஒத்துப்போகுது, உரிஞ்ச ஷீட் திரும்ப ஒட்ட அவசரப்படாது. 2014ல அதே குரூப் சோனிகேட்டரே வேணாம், வேகமா வெட்டி சுத்துற மிக்சர் போதும்னு காட்டுனாங்க, அதுல ஒரு சோதனை வீட்டு மிக்ஸில பாத்திரம் கழுவுற லிக்விட் ஊத்தி பண்ணது. உடனே உங்க வீட்டு மிக்ஸிய எடுத்துடாதீங்க, வர்றது பெரும்பாலும் உரியாத கிராஃபைட், சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி பிரிக்கலைன்னா கையில இருக்குறது கருப்பு தண்ணிதான்.

கே: பிரிச்சாச்சு, எப்படி கலக்குறது?

ரெண்டுமே ஒரே சால்வென்ட்ல கரைஞ்சா, கலைஞ்சா, அதுல கலந்து காய வைக்கலாம், லேப்ல இதுதான் சுலபம், ஆனா கடைசி சொட்டு சால்வென்ட் போறது குதிரைக்கொம்பு. ஃபேக்டரிக்காரங்க ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர்ல உருக்கி கலப்பாங்க, சால்வென்ட் தொல்லை கிடையாது, ஆனா உருகுன பாலிமர் கெட்டியா இருக்குறதால ஷீட் உடையும், கட்டியும் சரியா கலையாது. மூணாவது டொயோட்டா ரூட், மோனோமரோட (பாலிமரா மாறுறதுக்கு முந்தின மூலப்பொருள்) கலந்து அங்கயே பாலிமர் பண்றது. எனக்கு பிடிச்சது மூணாவது, ஆனா எல்லா பாலிமருக்கும் ஒத்து வராது.

கே: கிராஃபீன் ஸ்டீலை விட 100 மடங்கு ஸ்ட்ராங்னு சொல்றாங்க, அப்ப ஒரு சதவீதம் போட்டாலே பிளாஸ்டிக் இரும்பு மாதிரி ஆகணுமே, ஏன் ஆகல?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த பேஜே எழுத உக்காந்தேன்.

நம்பர் பொய் கிடையாது. 2008ல கொலம்பியா யூனிவர்சிட்டில ஓட்டை மேல விரிச்ச ஒத்த கிராஃபீன் ஷீட்டை ஏஎஃப்எம்ங்கற மைக்ராஸ்கோப்போட நுண் ஊசியால குத்தி அளந்தாங்க, விறைப்பு சுமார் 1 டெராபாஸ்கல் (அதாவது 1,000 கிகாபாஸ்கல்), உடையற வலு சுமார் 130 கிகாபாஸ்கல். இப்ப எபாக்ஸியோட விறைப்பு சுமார் 3 கிகாபாஸ்கல். கன அளவுல 1 சதவீதம் கிராஃபீன், எல்லாம் இழுக்குற திசைலயே நேரா படுத்திருக்கு, விசை முழுசா ஷீட்டுக்கு போகுதுன்னு வச்சுக்கிட்டா 10 கிகாபாஸ்கல் கூடி 13 வரணும். நிஜத்துல லேப்ல 3 இருந்தது 4 ஆனாலே பார்ட்டி வைப்போம்.

மீதி எங்க போச்சு? பாலிமரை இழுக்கும்போது ஷீட்டுக்கு விசை எப்படி போகுதுன்னு யோசிங்க. ஷீட்டை யாரும் நேரா பிடிச்சு இழுக்கல, பாலிமர் ஷீட்டோட மேல்பரப்பை உரசி உரசித்தான் இழுக்குது. ஷீட்டோட ஓரத்துல விசை பூஜ்யம், உள்ள போகப் போகத்தான் ஏறும். இதை 2010ல மான்செஸ்டர்ல ராபர்ட் யங் குரூப் நேராவே அளந்து காட்டுனாங்க. பிஎம்எம்ஏங்கற அக்ரிலிக் பிளாஸ்டிக் பட்டை மேல ஒத்த கிராஃபீன் ஷீட்டை வச்சு, மேல மெல்லிசா இன்னொரு பாலிமர் பூசி, பட்டையை வளைச்சாங்க. கிராஃபீனை இழுத்தா அதோட ரேமன் பீக் (லேசர் பட்டு சிதறி வர்ற ஒளியில தெரியற உச்சி) இடம் மாறும், 1 சதவீத ஸ்ட்ரெயினுக்கு (நீட்சிக்கு) கிட்டத்தட்ட 60 அலைஎண் நகரும். லேசர் புள்ளியை ஷீட்டோட ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரை நகத்திக்கிட்டே போய் ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு இழுபட்டிருக்குன்னு மேப் போட்டாங்க. ஓரத்துல இருந்து ஒண்ணரை மைக்ரான் உள்ள போனாத்தான் முழு விசையும் ஷீட்டுக்கு போய் சேருது. ரெண்டு பக்கமும் சேத்தா 3 மைக்ரான் சும்மா வேஸ்ட். ஷீட் நல்லா வேலை செய்யணும்னா அதுக்கு பத்து மடங்கு, 30 மைக்ரானுக்கு மேல இருக்கணும்னு முடிவு சொன்னாங்க.

இப்ப சோனிகேட் பண்ண சாம்பிளை எடுத்து பாருங்க, முக்கால்வாசி ஷீட் ஒரு மைக்ரான்கூட தேறாது. அதாவது ஓரத்துல விசை ஏறி முடியறதுக்கு முன்னாடியே ஷீட் முடிஞ்சு போச்சு. நீங்க எவ்வளவு நேரம் சோனிகேட் பண்றீங்களோ அவ்வளவு நல்லா கலையும், அவ்வளவு சின்னதாவும் உடையும், இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எல்லாரும் மாட்டிக்கிட்டு இருக்கோம்.

இதோட ஷீட் எல்லாம் நேரா படுத்திருக்காது, ஏடாகூடமா திரும்பி சுருங்கி கிடக்கும். ஒத்த அடுக்கும் கிடையாது, அஞ்சு பத்து அடுக்கு சேந்து கிடக்கும், வெளி அடுக்கு ரெண்டைத்தான் பாலிமர் பிடிக்கும், உள்ள இருக்குறது ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டு சும்மா இருக்கும். அதனால யாராவது 1 டெராபாஸ்கல்னு ஸ்லைடு போட்டு ஆரம்பிச்சா, உங்க ஷீட் எவ்வளவு அகலம், எத்தனை அடுக்கு, பாலிமரோட எப்படி ஒட்டியிருக்குன்னு கேளுங்க. காம்போசிட்டோட தலையெழுத்து அந்த மூணுலதான் இருக்கு.

கே: அதிகமா போட்டா சரியாயிடுமா?

ஆகாது. ஒரு அளவுக்கு மேல கட்டி கட்டியா சேரும், கட்டி இருக்குற இடத்துல இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். நிறைய போடணும்னா அடுக்கி கட்டணும். 2007ல மிச்சிகன்ல நிக்கோலஸ் கோட்டோவ் குரூப் கண்ணாடி சில்லை பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால், தண்ணில கரையற பாலிமர்) கரைசல்ல ஒரு முக்கு, களிமண் கரைசல்ல ஒரு முக்குன்னு மாத்தி மாத்தி 300 தடவை வரை முக்கி, கடைசில குளூட்டரால்டிஹைடுங்கற கெமிக்கலால செயின்களை பிணைச்சு, 100 கிகாபாஸ்கல் பக்கத்துல விறைப்பு இருக்குற ஃபிலிம் எடுத்தாங்க, அதுவும் கண்ணாடி மாதிரி தெளிவா. எல்லா ஷீட்டும் தரையோட தரையா படுத்திருக்கு, ஒவ்வொண்ணையும் பாலிமர் பிடிச்சிருக்கு, அதான் ரகசியம். முத்துச்சிப்பியோட உள் ஓடும் இதே கட்டுமானம்தான், 95 சதவீதம் சுண்ணாம்பு, மீதி கரிமப் பசை. ஆனா 300 தடவை முக்கி யாரு கார் பம்பர் செய்வாங்க, அது வேற கேள்வி.

கே: பிளாஸ்டிக் கரண்ட் கடத்துமா?

கடத்தும், இதுல கிராஃபீன் நிஜமாவே ஜெயிச்சிருக்கு. ஷீட் கம்மியா இருக்கும்போது தனித்தனி தீவா கிடக்கும், கடத்தாது. கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல ஒண்ணை ஒண்ணு தொட்டு இந்த முனையில இருந்து அந்த முனை வரை ஒரு பாதை வந்துடும், அந்த இடத்துல கடத்தற அளவு திடீர்னு பல கோடி மடங்கு எகிறும். அதுக்கு பெர்கொலேஷன் த்ரெஷோல்டுன்னு பேரு. 2006ல ராட்னி ரூஃப் குரூப் பாலிஸ்டைரீன்ல பண்ணாங்க, கிராஃபீன் ஆக்சைடை ஃபீனைல் ஐசோசயனேட்டால மாத்தி சால்வென்ட்ல கலைய வச்சு, பாலிமரோட கலந்தப்புறம் அங்கயே ஆக்ஸிஜனை எடுத்தாங்க. த்ரெஷோல்டு கன அளவுல வெறும் 0.1 சதவீதம். பாலிமர் கூட இருக்கும்போதே ரெட்யூஸ் பண்ணதுதான் புத்திசாலித்தனம், முன்னாடியே பண்ணியிருந்தா ஷீட் எல்லாம் கட்டி சேந்திருக்கும். ஸ்டாடிக் சார்ஜ் ஓடவிடுற பேக்கிங், ஃப்யூயல் லைன் மாதிரி வேலைக்கு இவ்வளவு கடத்தினாலே போதும், செம்புக் கம்பிக்கு மாத்தா நினைக்காதீங்க.

கே: அப்ப சூட்டையும் அதே மாதிரி கடத்துமா?

அவ்வளவு ஈஸியா இல்ல. எலக்ட்ரானுக்கு ரெண்டு ஷீட் கிட்ட வந்தாலே போதும், குதிச்சு போயிடும். சூடு அதிர்வா போகுது, ஷீட்ல இருந்து பாலிமருக்கு மாறும்போது ஒவ்வொரு எல்லையிலயும் அடிபட்டு நிக்கும். அதுவுமில்லாம பாலிமரும் சூட்டை முழுசா தடுக்கறதில்ல, கொஞ்சமாவது கடத்துது, அதனால திடீர் எகிறலும் இருக்காது. நல்லா சூடு கடத்த வேணும்னா பத்து இருபது சதவீதம்னு நிறைய போடணும், அப்ப பிசைஞ்சு வார்க்கறது கஷ்டம். கரண்ட் கடத்தக்கூடாது சூடு மட்டும் போகணும்னா போரான் நைட்ரைடு பக்கம் போங்க.

கே: கிராஃபீன் புட்டின்னு ஒரு வீடியோ பாத்தேன், அது நிஜமா?

நிஜம்தான், இந்த ஃபீல்டுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. சில்லி புட்டின்னு ஒரு பொம்மை வஸ்து, லேசா குறுக்குப் பிணைப்பு போட்ட சிலிக்கோன், உருட்டி எறிஞ்சா குதிக்கும், மேஜைல வச்சா மெதுவா வழிஞ்சு படியும். 2016ல கோல்மன் குரூப் அதுல கிராஃபீன் ஷீட்டை கலந்தாங்க. துளி அழுத்தினாலே ரெசிஸ்டன்ஸ் பயங்கரமா மாறுது, கேஜ் ஃபேக்டர் (இழுபடறதுக்கு ரெசிஸ்டன்ஸ் எத்தனை மடங்கு மாறுதுங்கற அளவு) 500 பக்கம் வந்துச்சு, சாதாரண உலோக ஸ்ட்ரெயின் கேஜ்ல அது 2தான். கழுத்துல ஒட்ட வச்சு நாடித்துடிப்பு எடுத்தாங்க, ரத்த அழுத்தம் எடுத்தாங்க, அப்புறம் ஒரு குட்டி சிலந்தியை அது மேல நடக்க விட்டு அதோட ஒவ்வொரு அடியையும் சிக்னலா பிடிச்சாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, இந்த பாலிமர் ரொம்ப இளக்கம், உள்ள இருக்குற ஷீட் நகர முடியும். இழுத்தா ஷீட்டுகளுக்கு நடுவுல இருக்குற தொடர்பு அறுபடுது, கொஞ்ச நேரம் விட்டா ஷீட் திரும்ப நகந்து தொடர்பு பிடிச்சுக்குது. விறைப்பான எபாக்ஸில இது நடக்கவே நடக்காது. எல்லாரும் ஷீட் பாலிமருக்கு என்ன செய்யுதுன்னுதான் பாப்பாங்க, இங்க பாலிமர்தான் ஷீட்டுக்கு வேலை குடுக்குது.

கே: காத்து, ஈரம் புகாம தடுக்குமா?

குறை இல்லாத கிராஃபீன் ஷீட்டுக்குள்ள ஹீலியம்கூட போகாது. பாலிமர்ல படுக்க வச்சா வாயு மூலக்கூறு ஒவ்வொரு ஷீட்டையும் சுத்தி சுத்தி போகணும், பாதை நீளமாகுது. 1967ல நீல்சன் போட்ட சின்ன கணக்கு இன்னும் ஓடுது: அகலம் தடிமனை விட 500 மடங்கு இருக்குற ஷீட்டை கன அளவுல 1 சதவீதம் போட்டு எல்லாத்தையும் நேரா படுக்க வச்சா, ஊடுருவல் 28 சதவீதமா குறையணும். படுக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம். துரு தடுக்குற பெயிண்ட்ல போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிராஃபீன் கரண்ட் கடத்தும், பெயிண்ட்ல கீறல் விழுந்து இரும்பு வெளிய தெரிஞ்சா அந்த இடத்துல துருவை வேகப்படுத்தவும் செய்யும்.

கே: எலக்ட்ரிக் கார் கப்பாசிட்டர்ல இது எங்க வருது?

இன்னிக்கு அதுல இருக்குறது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம், 105 டிகிரிக்கு மேல தாங்காது, ஆனா இன்வெர்ட்டர் பக்கத்துல 140 டிகிரி வரை போகும், அதனால தனியா கூலிங் வச்சு காலத்தை ஓட்டறாங்க. 2015ல பென் ஸ்டேட்ல ச்சிங் வாங் குரூப் சூடு தாங்குற ஒரு குறுக்குப் பிணைப்பு பாலிமர்ல போரான் நைட்ரைடு நானோஷீட் கலந்து 250 டிகிரி வரை வேலை செய்யற ஃபிலிமை காட்டுனாங்க. ஷீட் கசியற கரண்டையும் தடுக்குது, உள்ள வர்ற சூட்டையும் வெளிய கொண்டு போகுது.

கே: மாக்ஸீன் பத்தி சொல்றேன்னீங்களே?

டைட்டானியம் அலுமினியம் கார்பைடுல இருந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வச்சு அலுமினிய அடுக்கை மட்டும் கரைச்சு எடுத்தா மிச்சம் இருக்குற டைட்டானியம் கார்பைடு ஷீட்தான் மாக்ஸீன். யூரி கோகோட்சி, மிஷெல் பார்சூம் குரூப்போட கண்டுபிடிப்பு. இதோட சிறப்பு என்னன்னா உலோகம் மாதிரி கடத்துது, அதே சமயம் மேல ஆக்ஸிஜன், ஹைட்ராக்சில் எல்லாம் இருக்குறதால தண்ணிலயும் கலையுது. கிராஃபீன்ல இந்த ரெண்டும் சேந்து கிடைக்காது. 2014ல வெறும் 10 சதவீதம் பிவிஏ சேத்து ஃபிலிம் பண்ணி, அதை சின்ன குழாயா சுருட்டி நிக்க வச்சாங்க, தன் எடையை போல 15,000 மடங்கு தாங்குச்சு, பிவிஏ இல்லாத குழாய் 4,000 மடங்குதான். 2016ல 45 மைக்ரான் தடிமன் ஃபிலிம் ஒண்ணு ரேடியோ அலையை 92 டெசிபல் தடுத்துச்சு, அதாவது நூறு கோடில ஒரு பங்குக்கும் கம்மியாத்தான் வெளிய வருது.

குறைன்னா, தண்ணில ரொம்ப நாள் வச்சா ஆக்ஸிடைஸ் ஆகி டைட்டானியம் டைஆக்சைடா வெளுத்து போயிடும். பாலிமர் சுத்தி மூடினா மெதுவாகும். அப்புறம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், ட்ரெயினிங் இல்லாம, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (அந்த அமிலம் பட்டா தடவுற மருந்து) பக்கத்துல இல்லாம அந்த பாட்டிலை திறக்கவே திறக்காதீங்க.

கே: எலக்ட்ரானிக்ஸ்ல ஒத்த ஷீட் வேணும்னா, அங்கயும் பாலிமர் வருதா?

அங்க பாலிமர்தான் கை. செம்பு ஃபாயில் மேல சிவிடில (வாயுவுல இருந்து படிய வச்சு வளக்குற முறை) வளந்த கிராஃபீனை சிலிக்கான் மேல மாத்தணும். அதுக்கு கிராஃபீன் மேல பிஎம்எம்ஏவை ஸ்பின் கோட் பண்ணி (வேகமா சுத்தி மெல்லிசா பூசி), அமோனியம் பெர்சல்ஃபேட் கரைசல் மேல மிதக்க விடறோம். கொஞ்ச கொஞ்சமா செம்பு கரைஞ்சு கரைசல் நீலமா மாறும், கடைசில கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசு சதுரம் மட்டும் மிதக்கும், சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும். அதை சுத்தமான தண்ணிக்கு மாத்தி, கீழ இருந்து சிலிக்கான் துண்டால அள்ளி எடுக்கணும். அடியில மாட்டுன தண்ணி காயற இடத்துல சுருக்கம் விழும், அதனால சாய்ச்சு வச்சு பொறுமையா காய விட்டு, அப்புறம் சூடு பண்ணி, அசிட்டோன்ல பிஎம்எம்ஏவை கரைக்கணும்.

கரைக்கணும்னு சொல்றது ஈஸி, முழுசா போகாது. ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் பசை ஒட்டிக்கிட்டே இருக்கும், ஷீட்டோட தடிமனே 0.34 நானோமீட்டர்தான்னு யோசிச்சா எவ்வளவு பெரிய அழுக்குன்னு புரியும். அது டோப்பிங்கை (ஷீட்ல இருக்குற மின்சுமையோட அளவை) மாத்தும், எலக்ட்ரான் ஓட்டத்தை கெடுக்கும். 2013ல கொலம்பியா குரூப் இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு: பாலிமர் ஸ்டாம்பால முதல்ல போரான் நைட்ரைடை தூக்கி, அந்த போரான் நைட்ரைடை வச்சு கிராஃபீனை தூக்குறது, பாலிமர் கிராஃபீனை தொடவே தொடாது. ஒரு ஷீட்டை 1.1 டிகிரி திருப்பி இன்னொண்ணு மேல வச்சு 2018ல எம்ஐடில சூப்பர்கண்டக்டிவிட்டி பாத்தாங்களே, அந்த சாம்பிளும் பாலிமர் ஸ்டாம்பால தூக்கி அடுக்குனதுதான்.

கே: கடைல கிடைக்கிற பொருள் ஏதாவது இருக்கா?

இருக்கு, ஆனா விளம்பரத்துல வர்ற அளவுக்கு மாயாஜாலம் எதுவும் கிடையாது. ஃபோர்ட் 2018 கடைசில இருந்து எஞ்சின் கவர், பம்ப் கவர் மாதிரி பாகங்களோட ஃபோம்ல அரை சதவீதத்துக்கும் கம்மியா கிராஃபீன் சேத்தாங்க, அவங்க சோதனைல சத்தம் 17 சதவீதம் குறைஞ்சுது, சூடு தாங்குறது 30 சதவீதம் கூடுச்சு. எனக்கு இதுதான் சரியான உபயோகமா படுது, சின்ன அளவு, சின்ன லாபம், லட்சக்கணக்குல பாகம். டென்னிஸ் ராக்கெட், ரன்னிங் ஷூ அடிப்பகுதி எல்லாத்துலயும் கூட பேரு போட்டு வருது.

கே: ஆன்லைன்ல கிராஃபீன் பவுடர் விக்குது, வாங்கலாமா?

சிங்கப்பூர்ல அன்டோனியோ காஸ்ட்ரோ நெட்டோ குரூப் 2018ல உலகம் பூரா 60 கம்பெனி பவுடரை வாங்கி டெஸ்ட் பண்ணாங்க. பெரும்பாலானதுல பத்து அடுக்குக்குள்ள இருக்குற கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்ல, ஒண்ணுலகூட 50 சதவீதத்தை தாண்டல. மீதி எல்லாம் பொடிச்ச கிராஃபைட். அதனால ரேமன், ஏஎஃப்எம், ஷீட் அளவு எப்படி பரவியிருக்குன்னு எல்லா டேட்டாவையும், நீங்க வாங்குற அதே பேட்சுக்கு கேளுங்க. ஒரே ஒரு அழகான மைக்ராஸ்கோப் படத்தை மட்டும் அனுப்பினா வேற ஆளை பாருங்க.

கே: உடம்புக்கு ஆபத்தா?

பாலிமருக்குள்ள மாட்டிக்கிட்டது அவ்வளவு சுலபமா வெளிய வராது, காஞ்ச பவுடர்தான் கவலை. 2021ல கனடால கிராஃபீன் பூசின மாஸ்க்கை போடாதீங்கன்னு ஹெல்த் கனடா சொல்லி, ஆராய்ஞ்சப்புறம் சில மாடல்களை திரும்ப அனுமதிச்சாங்க. 2024ல வெளிவந்த ஒரு ஆய்வுல 14 பேரை நல்லா சுத்திகரிச்ச கிராஃபீன் ஆக்சைடை அளவா சுவாசிக்க வச்சு பாத்தாங்க, உடனடி பாதிப்பு தெரியல. வருஷக்கணக்கா சுவாசிக்கிறவங்களுக்கு அது பதில் ஆகாது. பவுடரை ஃப்யூம் ஹுட்ல கையாளுங்க, முடிஞ்சா கரைசலாவே வாங்குங்க.

கே: காலேஜ் ப்ராஜெக்ட், பெரிய வசதி இல்ல, எதுல ஆரம்பிக்கலாம்?

கிராஃபீன் ஆக்சைடும் பிவிஏவும். ரெண்டும் தண்ணிலயே வேலை முடிஞ்சுடும், ரெண்டுக்கும் நடுவுல ஹைட்ரஜன் பாண்ட் நல்லா பிடிக்கும். பிவிஏவை 90 டிகிரி தண்ணில கலக்கிக்கிட்டே கரைங்க, ஆற விட்டு கிராஃபீன் ஆக்சைடு கரைசலை மெதுவா ஊத்துங்க, பாத் சோனிகேட்டர்ல கொஞ்ச நேரம் வச்சு குமிழி போனதும் பெட்ரி டிஷ்ல ஊத்தி 40, 50 டிகிரில காய விடுங்க. எடைல 0.2, 0.5, 1 சதவீதம்னு எடுங்க போதும். கிராஃபீன் ஆக்சைடை மட்டும் தனியா குவியலா வச்சு அவன்ல 200 டிகிரிக்கு ஏத்திடாதீங்க, புஸ்ஸுன்னு வெடிச்சு சிதறும்.

வைவால மாட்டற இடம் ஈரம்தான். பிவிஏ காத்துல இருந்து தண்ணியை இழுத்துக்கும், ஈரமான நாள்ல அளந்தா மெத்துனு வரும், காஞ்ச நாள்ல விறைப்பா வரும், அந்த வித்தியாசம் உங்க கிராஃபீனால வந்த வித்தியாசத்தை விட பெருசா கூட இருக்கலாம். அதனால எல்லா சாம்பிளையும், கிராஃபீன் போடாத வெறும் பிவிஏ ஃபிலிமையும் சேத்து, ஒரே டெசிக்கேட்டர்ல (ஈரத்தை இழுத்து வைக்கிற மூடின பாத்திரம்) ஒரே நேரம் வச்சு, ஒரே நாள்ல இழுத்து பாருங்க. வசதி இருந்தா டிஎஸ்சி (சூடு பண்ணி உருகுறதை அளக்குற டெஸ்ட்) ஒண்ணு எடுத்து பிவிஏவோட படிகத்தன்மை மாறியிருக்கான்னும் பாத்துடுங்க, பல பேப்பர்ல ஷீட்டால வந்த வலுன்னு எழுதினதுல பாதி அங்க இருந்து வந்ததா இருக்கும்.